இலவசப் பாத்திரமேற்பு விளையாட்டு நாள்

இலவசப் பாத்திரமேற்பு விளையாட்டு நாள் என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுக்களை உள்ளூர்ப் பொழுதுபோக்குக் கடைகளின் வழியாகப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும் நோக்குடன் ஆண்டுதோறும் நடத்தப்படும் ஒரு நிகழ்வு ஆகும். ஆங்கிலத்தில் இது ஃப்ரீ ஆர்.பி.ஜி. டே என்று அழைக்கப்படுகின்றது. முதன்முதலாக 2007 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் நாள் இது நடைபெற்றது. ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய இந்நிகழ்வில் பிற நாடுகளிலுள்ள கடைகளும் பங்கு கொள்கின்றன.

பின்னணி

பாத்திரமேற்பு விளையாட்டில் ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் பாத்திரத்தை ஏற்கின்றனர். ஒருவர் மட்டும் நடுவராக இருந்து கதைச் சூழலை விவரிப்பார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்கின்றது என்பதை வாய்மொழியாகக் கூறுவர். ஒரு செயல் வெற்றி பெறுமா என்பது ஐயத்துக்கு உரியதாகும்போது பகடை உருட்டி முடிவு காணப்படும். இவ்வகையில் வணிக நோக்கில் வெளியான முதல் விளையாட்டாகக் கருதப்படுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கிய இதனை, விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா நகரில் இயங்கிய டி.எஸ்.ஆர். நிறுவனம் 1974 இல் வெளியிட்டது.

கடைகளின் பங்கு

சதுரங்கம் போன்ற விளையாட்டுக்களைப் பலகையையும் காய்களையும் பார்த்தே ஓரளவு புரிந்துகொள்ளலாம். பாத்திரமேற்பு விளையாட்டு அவ்வாறானதன்று. வாங்குபவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு தடித்த விதிநூல் மட்டுமே. அதைப் படித்துப் பிறருக்குக் கற்பிக்க ஒரு நடுவரும், உடன் ஆடச் சிலரும் தேவை. எனவே விளையாட்டைத் தெரிந்தவர்களுடன் அமர்ந்து ஆடிப் பார்ப்பதே இதனைக் கற்கும் எளிய வழியாக இருந்து வருகின்றது. கடையிலுள்ள ஒரு மேசை இதற்கு இடமளிக்கின்றது.

இத்தொடர்பு பழமையானது. 1975 இல் இலண்டனில் தொடங்கப்பட்ட கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஐரோப்பாவில் விற்பனை செய்தது. 1978 இல் இலண்டனின் ஹாமர்ஸ்மித் பகுதியில் தனது முதல் கடையைத் திறந்தது. பின்னாளில் இவ்விளையாட்டின் உரிமையைப் பெற்ற விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், வாரந்தோறும் புதன்கிழமைகளில் கடைகளில் ஆடப்படும் எண்கௌண்டர்ஸ் என்னும் திட்டத்தை 2010 இல் தொடங்கியது.

நடைமுறை

2002 இல் தொடங்கிய இலவச வரைகதைப் புத்தக நாளை ஒத்ததாக இந்நிகழ்வு அமைந்துள்ளது. பதிப்பகங்கள் சுருக்க விதிகள், சிறு சாகசக் கதைகள், பகடைகள் முதலியவற்றை வழங்குகின்றன. அவை பொதிகளாகத் தொகுக்கப்பட்டுக் கடைகளுக்கு அனுப்பப்படுகின்றன. வாடிக்கையாளருக்கு இவை இலவசம் எனினும், கடைக்காரர் பொதிக்கு விலை கொடுக்கின்றார். ஒருவருக்கு எத்தனை நூல்கள் என்பதையும், ஆடுவோருக்கு முன்னுரிமை உண்டா என்பதையும் அந்தந்தக் கடையே முடிவு செய்கின்றது. பல கடைகள் அன்று செயல்முறை விளக்க ஆட்டங்களையும் நடத்துகின்றன.

குறிப்பிடத்தக்க வெளியீடுகள்

2008 இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்புக்கான ட்ரெஷர் ஆஃப் டேலன் பாஸ் என்னும் சாகசம் வழங்கப்பட்டது. 2011 இல் பைஸோ நிறுவனம் வீ பி காப்ளின்ஸ் என்னும் சாகசத்தை வெளியிட்டது. வழக்கமாக எதிரிகளாக வரும் காப்ளின் என்னும் குறும்பூதங்களாகவே இதில் ஆடுவோர் நடிக்கின்றனர். பாத்திரங்கள் ஆயத்தமாகவே கொடுக்கப்பட்டிருந்ததால் புதியவர்கள் உடனே ஆடத் தொடங்க முடிந்தது. இது வரவேற்புப் பெற்றதால் பின்வந்த ஆண்டுகளில் இதன் தொடர்ச்சிகளும் வெளியாயின.

சிக்கல்கள்

மேசைக்கான இடம், வாடகை, பணியாளர் நேரம் ஆகியவற்றின் செலவைக் கடை ஏற்கின்றது. அங்கே ஆடிப் பழகியவர் விதிநூலை இணையத்தில் குறைந்த விலைக்கு வாங்கினால் அச்செலவு கடைக்குத் திரும்புவதில்லை. இலவச நூல்களை மட்டும் பெற்றுக்கொண்டு ஆடாமலே செல்வதும், அவற்றை இணைய ஏலத்தில் விற்பதும் உண்டு. அருகில் கடை இல்லாத ஊர்களில் வாழ்வோருக்கு இந்நாளால் நேரடிப் பயன் குறைவு.

இச்சிக்கலின் ஒரு பகுதிக்குத் தீர்வாக, 2010 இல் சில பதிப்பகங்கள் பிட்ஸ் அண்ட் மோர்ட்டர் என்னும் முயற்சியைத் தொடங்கின. இதன்படி, பங்கேற்கும் கடையில் அச்சு நூலை வாங்குபவருக்கு அதன் மின்னூல் வடிவம் கூடுதல் விலையின்றிக் கிடைக்கின்றது.

கோவிட்-19 பெருந்தொற்றின்போது பல கடைகளில் மக்கள் கூடி ஆடுவது நின்றது. 2020 இல் இந்நாள் வழக்கமான ஜூன் மாதத்திலிருந்து பின்தள்ளி நடத்தப்பட்டது.

இவற்றையும் பார்க்க

பாத்திரமேற்பு விளையாட்டு
டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்
பகடை
வரைகதை