பிசினுக்குள் நுழைந்த தாவர நார்: செல்லுலோஸ் நானோ இழைகளின் வளர்ச்சி வரலாறு

இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்கில் சுமையைத் தாங்குவது கண்ணாடி இழையோ கார்பன் இழையோதான். ஆனால் சேதம் பெரும்பாலும் தொடங்குவது இழையில் அன்று, இழைகளைப் பிணைத்திருக்கும் பிசினில்தான். படகின் உடலாயினும் காற்றாலை இறக்கையாயினும், இரு துணி அடுக்குகளுக்கு இடையிலுள்ள எப்பாக்சியில் தோன்றும் நுண்விரிசல் அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே முன்னேறுகிறது. அந்த மெல்லிய பிசின் படலத்தைத் தாவர நானோ இழைகளால் உறுதிப்படுத்தும் முயற்சி எவ்வழியே வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். நாரின் வலிமையைக் காட்டிலும் அதன் நீர்ப்பற்றுதான் இவ்வரலாற்றின் போக்கைத் தீர்மானித்தது என்பது என் முடிவு.

பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயேன் 1838இல் தாவரத் திசுவிலிருந்து செல்லுலோஸைப் பிரித்துக் காட்டினார். 1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்கலைட் எளிதில் நொறுங்கியதால், அதில் மரத்தூள் கலந்து வார்த்தார்கள். 1930களில் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புருய்ன் இன்னொரு படி மேலே போனார். ஆளிச்செடி நாரைப் பினாலிக் பிசினில் தோய்த்து, சூட்டில் அழுத்தி, ‘கார்டன் ஏரோலைட்’ என்ற பொருளைச் செய்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் உடற்பகுதி ஒன்று சோதனைக்காக அதில் கட்டப்பட்டது. உற்பத்திக்கு அது வரவில்லை. 1938இல் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் தோன்றிக் கண்ணாடி இழை பெருமளவில் கிடைக்கத் தொடங்கியபின், தாவர நார் இத்துறையில் பின்னுக்குப் போயிற்று. ஈரத்தில் கண்ணாடி உப்புவதில்லை, ஆளிநார் உப்பும்.

ஆயினும் எண்கள் வேறொன்றைச் சொல்லின. செல்லுலோஸ் படிகத்தின் விறைப்பு 1960களில் ஜப்பானில் எக்ஸ்-கதிர் மூலம் அளக்கப்பட்டது. அம்மதிப்பு ஏறக்குறைய 135 கிகாபாஸ்கல். சாதாரணக் கண்ணாடி இழைக்கு இது 70 அளவில்தான். அடர்த்தியிலோ கன சென்டிமீட்டருக்குக் கண்ணாடி 2.5 கிராம், செல்லுலோஸ் 1.5 கிராம். கண்ணுக்குத் தெரியும் நார், லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் இடைவெளிகளும் கலந்த ஒரு கற்றை. படிகத்தின் விறைப்பு அதில் முழுதாக வெளிப்படாது. கற்றையைப் பிரித்தால்தான் பயன்.

அதைச் சாதித்தது பால் பதனிடும் எந்திரம். 1970களின் இறுதியில் ஐ.டி.டி. ரேயானியர் நிறுவனத்தில் ஆல்பின் டர்பாக்கும் கூட்டாளிகளும், பாலில் கொழுப்பைச் சீராகக் கலக்கப் பயன்படும் ஹோமோஜெனைசரில் மரக்கூழை விட்டார்கள். ஏறத்தாழ 98 பங்கு நீரும் 2 பங்கு கூழும் கொண்ட கலவை. உயர் அழுத்தத்தில் அது நூலிழை போன்ற இடுக்கு வழியே பாய்ந்து, வெளியேறும் கணத்தில் அழுத்தம் சட்டென்று விழ, நார்ச்சுவர் கிழிகிறது. திரும்பத் திரும்ப விட்டதும் கூழ் கெட்டித் தயிர்போல் நின்றது. 1983இல் இந்த ஆய்வு வெளியானது. ஆனால் ஒரு டன் நாருக்குத் தேவைப்பட்ட மின்சாரம் 25,000 யூனிட்டையும் தாண்டியது. தொழிற்சாலைகள் தயங்கியதற்கு அதுவே முதன்மையான காரணம்.

2004இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஹிரோயுகி யானோ குழு இத்தகைய நுண்ணிழைத் தாள்களைப் பினாலிக் பிசினில் ஊறவைத்து அழுத்தி, 370 மெகாபாஸ்கல் வரை வளைவு வலிமை பெற்றது. அங்கும் நானோ இழைதான் முதன்மைச் சுமைதாங்கி. கருத்து மாற்றம் நிகழ்ந்தது டோஷிஷா பல்கலைக்கழகத்தில் என்று நான் கருதுகிறேன். ஒகுபோ, ஃபுஜி ஆகியோரின் குழு 2010இல் நுண்ணிழைகளை எப்பாக்சியில் சிறிதளவே கலந்து, அதை நெய்த கார்பன் துணியில் ஏற்றியது. சுமை கார்பனுக்கே, விரிசலைத் தடுப்பது மட்டுமே செல்லுலோஸின் வேலை. விரிசலின் இரு கரைகளையும் இழைகள் பற்றிக்கொள்கின்றன. அவற்றை உருவவோ அறுக்கவோ விரிசல் கூடுதல் ஆற்றலைச் செலவிட வேண்டும். இரண்டு சதவீத அளவிலேயே அடுக்குப் பிரிவுக்கான எதிர்ப்பு நன்கு உயர்ந்தது. அளவைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. பிசின் கெட்டிப்பட்டால் துணிக்குள் இறங்காது, காற்றுக்குமிழ்கள் தங்கிவிடும்.

இதற்கிடையே டோக்கியோவில் அகிரா இசோகாய், சுகுயுகி சைட்டோ ஆகியோர் 2006இல் டெம்போ என்னும் வினையூக்கி கொண்டு செய்த ஆக்சிஜனேற்றத்தால் 3 முதல் 4 நானோமீட்டர் அகலமுள்ள இழைகளைப் பிரித்தனர். மின்னூட்டம் பெற்ற இழைகள் ஒன்றையொன்று விலக்குவதால் அரைக்கும் ஆற்றல் வெகுவாகக் குறைந்தது. இக்கண்டுபிடிப்புக்கு 2015இல் மார்க்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது. பிசினுக்கு மட்டும் இது பாதித் தீர்வே. இப்புறப்பரப்பு நீரைத்தான் விரும்புகிறது, எப்பாக்சியை அன்று. நீரிலிருந்து நேரடியாக உலர்த்தினால் இழைகள் தம்முள் ஒட்டிக் கட்டியாகிவிடும். மீண்டும் பிரிப்பது அரிது. ஆகவே நீரை எத்தனால் அல்லது அசிட்டோனால் படிப்படியாக மாற்றி, பிசினில் கலந்தபின் கரைப்பானை ஆவியாக்குகிறார்கள். அசிட்டைல் ஏற்றியோ சிலேன் பூசியோ நீர்ப்பற்றைக் குறைப்பதும் உண்டு. ஒவ்வொரு படியும் செலவு.

ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஆதரவில், செல்லுலோஸ் நானோ இழை சேர்ந்த பாகங்களைக் கொண்ட மாதிரிக் கார் 2019 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் வைக்கப்பட்டது. பொருள் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. ஆனால் படகுக்கும் காற்றாலைக்கும் நானோ இழை கலந்த பிசினைப் பரிந்துரைக்கும் ஆய்வாளர்கள் உலர்ந்த மாதிரியின் வலிமையோடு நிறுத்திவிடக் கூடாது. நீரில் ஊறிய மாதிரியின் வலிமையையும், நாரைப் பிரிக்கவும் உலர்த்தவும் செலவான மின்சாரத்தையும் கரைப்பானையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.