பெட்டிக்குள் காத்திருந்த கதை



சென்ற வாரம் பேத்தி 'மாரிஸ்' என்ற 1987-ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தை டிவியில் போட்டுக் காட்டினாள். கேம்பிரிட்ஜில் படிக்கும் ஓர் இளைஞன், தன் மனம் ஆண்களையே நாடுகிறது என்று உணர்ந்து வளரும் கதை. முதல் அரை மணி நேரம் நெளிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு கதை இழுத்துக்கொண்டது. சமூக அறிவியல் நடத்திய பழக்கம் விடுமா? அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

மூல நாவலை எழுதியவர் இ.எம்.ஃபார்ஸ்டர். 'எ பாசேஜ் டு இந்தியா' எழுதினாரே, அவரேதான். 1913-14-இல் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அன்று இங்கிலாந்தில் அது சிறைக்குரிய குற்றம். சோகமாக முடித்திருந்தாலாவது அச்சேற்றுவது எளிதாக இருந்திருக்கும். நேசித்தவர்கள் சேர்ந்து வாழ்வதாக அவர் பிடிவாதமாக முடித்திருந்தார். 1967-இல் சட்டம் தளர்ந்தது. 1970-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டுதான் புத்தகம் வந்தது. அவருடைய மற்ற நாவல்களுக்கு இது ஈடில்லை என்றார்கள் விமர்சகர்கள் பலர். உரிமை வைத்திருந்த கிங்ஸ் கல்லூரியும் அதனாலேயே படமாக்க முதலில் தயங்கியது.

இயக்கியவர் ஜேம்ஸ் ஐவரி. தயாரித்தவர் நம் பம்பாயில் பிறந்த இஸ்மாயில் மெர்ச்சன்ட். வெனிஸ் விழாவில் இயக்குநருக்கு வெள்ளிச் சிங்கம் கிடைத்தது. நாயகர்கள் இருவரும் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் எய்ட்ஸ் பயம் பரவியிருந்த காலம் அது. இவர்களின் முந்தைய படம் போல இது ஓடவில்லை. 2017-இல் புதுப்பித்துத் திரையிட்டபோதுதான் பலர் அதன் அருமையை உணர்ந்தார்கள்.

படம் வந்த மறு ஆண்டே, 1988-இல், பிரிட்டனில் '28-ஆம் பிரிவு' வந்தது. இப்படிப்பட்ட உறவை ஏற்கத்தக்கதாகப் பள்ளியில் கற்பிப்பதை உள்ளாட்சி மன்றங்கள் ஊக்குவிக்கக் கூடாது என்றது அது. ஆசிரியர்கள் பயந்து வாய்மூடினார்கள். இங்கிலாந்தில் அது நீங்க 2003 ஆயிற்று.

இதைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. என் வாயை எந்தச் சட்டமும் பூட்டவில்லை. ஆனாலும் எட்டாம் வகுப்பில் ஒரு பையனை மற்றவர்கள் நடையையும் பேச்சையும் சொல்லிக் கேலி செய்தபோது, "நீ ஒழுங்காக இருந்தால் அவர்கள் ஏன் கேலி செய்யப் போகிறார்கள்?" என்று அவனைத்தான் கடிந்தேன். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

தம்பி, இதைப் படிக்கிறாய் என்றால், தவறு என்னுடையது. மன்னித்துவிடு.

இன்று வகுப்பில் நிற்கும் என் மாணவ ஆசிரியர்களே, கேலி செய்கிறவனை முதலில் கண்டியுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்