முதியோர் இல்லம்: பெற்றோரைச் சேர்க்கும் முன் எதைப் பார்க்கணும்?

வேலை வெளியூரில், ஊரில் அப்பா அம்மா தனியாக. முதியோர் இல்லம் தேடினால் முதலில் கண்ணில் படுவது கட்டடமும் தோட்டமும்தான். ஆனால், கவனிப்பு எப்படி என்பதை அவை சொல்லாது.

இரவில் யார் இருக்காங்க?
'24 மணி நேர நர்ஸ்' என்றால், எத்தனை முதியவர்களுக்கு எத்தனை பேர் என்று கேளுங்க. அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போவாங்க என்பதும் முக்கியம்.

என்ன பதிவு வைக்கிறாங்க?
படுத்த படுக்கையாக இருப்பவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கணும்; இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். அதை எழுதும் நோட்டு இருக்கா? மாத்திரை கொடுத்த நேரம், கீழே விழுந்த சம்பவங்கள்?

எப்போது போய்ப் பார்ப்பது?
சாப்பாட்டு நேரத்தில். ஊட்டிவிட வேண்டியவருக்குப் பொறுமையாக ஊட்டுறாங்களா என்று கவனியுங்க.

சட்டம் என்ன சொல்கிறது?
2007-ம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைக்கலாம் என்கிறது. ஆனால் அது வசதியற்றோருக்கு. கட்டண இல்லங்களுக்கான விரிவான தர விதிகள் அதில் இல்லை. அதனால் ஒப்பந்தத்தில் கட்டண உயர்வு, முன்பணம் திரும்பக் கிடைப்பது இரண்டையும் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.

சேர்த்த பிறகு?
எடை குறைந்தாலோ, புதுக் காயம் தெரிந்தாலோ, பகலெல்லாம் தூங்கினாலோ காரணம் கேளுங்க. பதில் சரியில்லைன்னா, மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம்.