பெயரும் உரிமையும்: தென்கொரியப் பெண் தொழிலாளர் இயக்கத்தின் சொல் வரலாறு

உழைப்போரை ஒரு சமூகம் எச்சொல்லால் சுட்டுகிறது என்பது, அச்சமூகத்தில் அவர்தம் நிலைக்குச் சான்றாகும். 1970களில் தென்கொரியப் பெண் தொழிலாளர் நடத்திய சங்கப் போராட்டங்களில் கூலி, வேலைநேரம் ஆகியவற்றோடு அவர்களைச் சுட்டும் பெயரும் வழக்குப் பொருளாயிற்று.

1. இழிசொல்லும் புகழ்சொல்லும்

1964இல் 10 கோடி டாலராக இருந்த தென்கொரிய ஏற்றுமதி 1977இல் 1,000 கோடி டாலரை எட்டியது. இவ்வளர்ச்சியைத் தாங்கிய நெசவு, ஆடை, பொய்முடித் தொழில்களில் உழைத்தோருள் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். அரசு இவர்களைத் 'தொழில் வீரர்' எனப் போற்றியது. மக்கள் வழக்கிலோ இவர்கள் 'கோங்சுனி' எனப்பட்டனர். 'கோங்' என்பது ஆலைத்தொழிலைக் குறிக்கும். 'சுனி' பெண்களுக்குப் பரவலாக இடப்பெற்ற எளிய பெயர். இயற்பெயர் ஒன்று இழிவுப் பொதுப்பெயரானமைக்கு இஃது எடுத்துக்காட்டு.

சியோல் நகரின் பியோங்வா சந்தைத் தையற்கூடங்களில் உதவிச் சிறுமியர் 'சிதா' எனப்பட்டனர். 'கீழ்' என்னும் பொருளுடைய ஜப்பானியச் சொல்லின் வழிவந்தது இது. அவர்களைப் பெயரால் அன்றி எண்ணால் அழைக்கும் வழக்கமும் இருந்தது.

2. சட்டத்தின் மொழி

தொழிலாளர் தரநிலைச் சட்டம் 1953லேயே இயற்றப்பட்டது. ஆயினும் அது சீன எழுத்துகள் விரவிய நடையில் அமைந்திருந்தமையால், பள்ளிக்கல்வி குன்றியவர்க்கு எட்டவில்லை. அதனைப் படித்தறிய அல்லலுற்ற தையல் தொழிலாளி ஜியோன் தே-இல், அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரி 1970 நவம்பர் 13இல் தீக்குளித்து இறந்தார். அம்மாதமே சோங்கே ஆடைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அச்சங்கம் நடத்திய தொழிலாளர் வகுப்பில் சிறுமியர் எழுத்தும் சட்டமும் பயின்றனர். பெயர் சொல்லி அழைக்கவும் பெற்றனர். 1977 செப்டம்பரில் அவ்வகுப்பைக் காக்கப் போராடியோர் சிறைப்பட்டனர்.

3. சங்கமும் பெயர் மாற்றமும்

இஞ்சோன் நகரின் தோங்கில் நெசவாலைச் சங்கம் 1972இல் ஒரு பெண்ணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. கொரியாவில் இதுவே முதன்முறை. 1978 பிப்ரவரியில் சங்கத் தேர்தலன்று எதிர்த்தரப்பினர் பெண்கள்மீது மலத்தை வீசினர்; பின்னர் 124 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். 1979 ஆகஸ்டில் ஒய்.எச். பொய்முடி ஆலை மூடப்பட்டதை எதிர்த்துப் பெண்கள் எதிர்க்கட்சித் தலைமையகத்தில் அமர்ந்தனர். காவல்துறை உள்ளே புகுந்தபோது 21 வயதான கிம் கியோங்-சுக் உயிரிழந்தார்.

இக்காலத்தில் 'கோங்சுனி' என்பதை மறுத்து, 'நோதோங்ஜா' என்னும் சொல்லைப் பெண்கள் தமக்குரியதாக்கினர். அரசு வழங்கிய சொல் 'குல்லோஜா'. இரண்டும் உழைப்பவரையே குறிப்பினும், பின்னதிலுள்ள முதலுறுப்பு 'விடாமுயற்சி' என்னும் பொருளது. எனவே அது பணிவுடன் உழைப்பவரையும், முன்னது உரிமை கோருபவரையும் நினைவூட்டின. 1963ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் நாளுக்குக் 'குல்லோஜா' நாள் எனப் பெயரிட்டது. 2025இல் நாடாளுமன்றம் 'நோதோங்' என்னும் சொல்லமைந்த பழைய பெயரை மீட்டது.

4. மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டுவது

இவ்விரு சொற்களையும் 'தொழிலாளர்' எனவே பெயர்த்தால் பொருள் பிழைபடாது, வரலாறு மறையும். 'உழைப்பாளர்', 'தொழிலாளர்' எனத் தமிழிலுள்ள இணைச்சொற்களை ஒரே சீராகப் பகிர்ந்து ஆளுதல் ஒருவழி. 'கோங்சுனி'யை மட்டும் மூலவடிவிலேயே நிறுத்தி, முதன்முறை வருமிடத்தில் விளக்குதல் தகும். அதனை மென்மையாக்குவது, அப்பெண்கள் எதனை எதிர்த்தனர் என்பதையே நீக்கிவிடும்.