நடுக்கம் ஒன்று, நோய் இரண்டு: பெயர்களின் வழியே ஒரு மருத்துவ வரலாறு

கை நடுங்குகிறது என்று ஒருவர் கூறும்போது, எப்போது நடுங்குகிறது என்று நாம் வினவுவதில்லை. மடிமேல் சும்மா வைத்திருக்கும்போதா, தேநீர்க் கோப்பையை எடுத்து வாயருகே கொண்டுசெல்லும்போதா என்னும் அந்த வினாவிலேயே இரண்டு நோய்களுக்கு இடையிலான வேறுபாட்டின் பெரும்பகுதி அடங்கியுள்ளது. ஒன்று பார்க்கின்சன் நோய். மற்றொன்று ஆங்கில மருத்துவர்கள் ‘எசென்ஷியல் டிரெமர்’ என வழங்கும் நடுக்கநோய். மக்களிடையே மிகுதியாகக் காணப்படுவது இரண்டாவதே. ஆயினும் பெயர் பரவியிருப்பது முதலாவதற்கு மட்டுமே. ஆதலால் கைநடுங்கும் முதியவரைக் கண்டவுடன் பார்க்கின்சன் என்று அஞ்சுவோரும், ‘வயதானால் அப்படித்தான்’ என்று விட்டுவிடுவோரும் நம்மிடையே உள்ளனர். முன்னவரால் வேண்டாத அச்சமும் சிலவேளை வேண்டாத மருந்தும் நேர்கின்றன; பின்னவரால் உரிய மருத்துவம் காலந்தாழ்கிறது.

இவ்விரு நோய்களும் எவ்வாறு பிரித்தறியப்பட்டன, அதில் பெயர்களின் பங்கு யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நடுக்கம் என்னும் சொல்

தமிழில் நடுக்கத்தைக் குறிக்கும் சொற்கள் பலவாகும். அதிர்வு, விதிர்ப்பு என்பன நடுக்கப் பொருள் தரும் எனத் தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. பனித்தல், துளங்கல் ஆகியனவும் பழந்தமிழில் இப்பொருளில் வழங்கின. வடமொழியிலிருந்து வந்த ‘கம்பம்’ என்பதும் நடுக்கமே. நிலநடுக்கத்தைப் பூகம்பம் என்பது இதனாலேயே. இச்சொற்கள் யாவும் நடுக்கம் உண்டு என்பதை உணர்த்துவனவேயன்றி, உறுப்பு ஓய்ந்திருக்கையில் நடுங்கியதா, தொழிற்படுகையில் நடுங்கியதா என்பதை உணர்த்துவன அல்ல. நம் நாட்டு மலாய்மொழியில் வழங்கும் ‘தெர்கெத்தார்’ என்னும் சொல்லும் இத்தகையதே. அன்றாடப் பேச்சுக்கு இவை போதும். பெக்கான் நானாஸ் கிளினிக்கில் மருத்துவர் முன் அமரும் முதியவருக்கு இவை போதா.

வாதம் என்னும் அடைவு

வாதம் என்பதன் பொருள் காற்று, தமிழில் வளி. சரக சங்கிதை வாத நோய்கள் 80 எனத் தொகுத்து, அவற்றுள் ‘வேபது’ எனும் நடுக்கத்தையும் சேர்க்கிறது. பின்வந்த மாதவ நிதானம், உடல் முழுவதும் தலையும் நடுங்குவதே வேபது என விளக்குகிறது. கம்பவாதம், நடுக்குவாதம் என்னும் பெயர்கள் இம்மரபின் வழிப்பட்டவை. இவற்றை இன்று பார்க்கின்சன் நோய்க்கு நேரான பெயர்களாகக் கொள்கிறோம். ஆனால் தலை ஆடுதல் பார்க்கின்சன் நோயில் அரிது. அந்நோயில் தாடையும் உதடும் நடுங்கலாம். ‘ஆம்’ என்பதுபோலவோ ‘இல்லை’ என்பதுபோலவோ தலை ஆடுவது பெரும்பாலும் மற்ற நோயின் இயல்பு. ஆகவே பழம்பெயர் இரண்டையும் ஒருங்கே தழுவியிருந்தது எனக் கருதுவதே பொருந்தும்.

மலாய்மொழியில் பக்கவாதத்தை ‘அங்ஙின் அஹ்மார்’ என்பர். சொல்லளவில் அது ‘செங்காற்று’. நோயைக் காற்றோடு இணைக்கும் எண்ணம் இரு மொழியிலும் உண்டு என்பது இதனால் விளங்கும். ஆயினும் பக்கவாதம் மூளையின் இரத்தக்குழாய் பற்றியது. முடக்குவாதம் மூட்டுகளைப் பற்றியது. பார்க்கின்சன் நோய் மூளையின் நரம்புயிரணுக்கள் சில அழிவதால் வருவது. ஒரே ஈற்றுச்சொல்லைப் பெற்றமையால் இவை உறவுடையன என மக்கள் மயங்குகின்றனர்.

1817: இலண்டன்

மேலைநாட்டிலும் இம்மயக்கம் இருந்தது. கிரேக்க மருத்துவர் காலென், இயக்கத்தின்போது தோன்றும் நடுக்கத்தையும் இயக்கமின்றித் தோன்றும் துடிப்பையும் வேறுபடுத்தினார். 17ஆம் நூற்றாண்டில் சில்வியஸ் இவ்வேறுபாட்டை வலியுறுத்தினார். இவற்றை அடித்தளமாகக் கொண்டு, இலண்டனின் ஹாக்ஸ்டன் பகுதி மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ‘நடுங்கும் வாதம்’ பற்றிய தம் சிறுநூலை வெளியிட்டார். அதில் அவர் விவரித்தவர் அறுவரே. அவருள் சிலர் தெருவில் கண்டவர்கள்; ஒருவரைத் தொலைவிலிருந்தே கண்டார்.

மதுவால் வரும் நடுக்கம், தேநீரும் காப்பியும் மிகுதியாக அருந்துவதால் வரும் நடுக்கம், முதுமை நடுக்கம் ஆகியவற்றைத் தாம் கூறும் நோயிலிருந்து அவர் விலக்கினார். பிற நடுக்கங்களில் உறுப்பைத் தாங்கி ஓய்வளித்தால் நடுக்கம் நிற்கும்; இந்நோயிலோ ஓய்விலும் அது தொடரும், செயற்படுத்தும்போது சிலவேளை குறையும் என அவர் எழுதினார். இருநூறு ஆண்டுகள் கடந்தும் மருத்துவர் முதலில் நோக்குவது இதனையே.

பாரிசும் இத்தாலியும்

பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்த்தேன் ஷார்கோ, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நோயை மேலும் நுணுகி ஆராய்ந்தார். தலை தானே ஆடுகிறதா, உடலின் நடுக்கத்தால் ஆட்டப்படுகிறதா என்பதைக் காண, நீண்ட இறகு செருகிய தலையணியை நோயாளிக்கு அணிவித்து இறகின் அசைவை நோக்கினார். தசைவலிமை பெரிதும் குன்றாத நோயை ‘வாதம்’ என்பது பொருந்தாது. நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உளர். ஆகவே ‘பார்க்கின்சன் நோய்’ என்னும் பெயரை அவர் முன்மொழிந்தார். பிழையான பெயரை மாற்றுவதும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதை இதனால் அறிகிறோம்.

மற்ற நோய்க்கும் அக்காலத்திலேயே பெயர் அமைந்தது. இத்தாலிய மருத்துவர் பியேத்ரோ புர்ரேசி 1874இல், செயலின்போது கடுமையாக நடுங்கிய ஓர் இளைஞரின் நிலையைக் குறிக்க ‘எசென்ஷியல்’ என்பதற்கு நேரான இத்தாலியச் சொல்லை ஆண்டார். 1887இல் அமெரிக்கர் சார்லஸ் டேனா, இத்தகைய நடுக்கம் குடும்பவழி வருவதை எடுத்துரைத்தார்.

சென்னையில் ஒரு விதை

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் இடமுண்டு. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து ‘எல்-டோப்பா’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் மருத்துவப் பயன் அப்போது எவர்க்கும் தெரியாது. 1957இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தி வேரிலிருந்து பெறும் ரெசர்ப்பின் மருந்தால் அசைவற்றுப்போன விலங்குகள் டோப்பாவால் மீண்டும் இயங்குவதைக் காட்டினார். டோப்பமின் குறைவே பார்க்கின்சன் நோயாளியின் தளர்ச்சிக்குக் காரணம் என்பது அதன்பின் வியன்னாவில் தெளிவாயிற்று. 1967இல் கோட்சியாஸ் இம்மருந்தை வாய்வழி மிகுந்த அளவில் கொடுத்துப் பயன் கண்டார்.

இது நோயைப் பிரித்தறியவும் உதவிற்று. பார்க்கின்சன் நோயாளி டோப்பாவால் பெரும்பாலும் நலம் பெறுவார். மற்ற நடுக்கம் அதனால் குறைவதில்லை. அதற்குப் புரோப்பனலால், பிரிமிடோன் ஆகிய மருந்துகளே பயன்படுகின்றன. ஆகவே தவறாகப் பெயரிட்டால் மருந்தும் தவறிப்போகும். பூனைக்காலிப் பொடியை மருத்துவரைக் கேளாமல் உண்பதும் தகாது.

இன்று நோக்க வேண்டுவன

பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும்; கை ஓய்ந்திருக்கையில், கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுவதுபோல் அசையும்; வேகம் விநாடிக்கு 4 முதல் 6 முறை. அதனுடன் இயக்கம் மந்தமாதல் கட்டாயம் இருக்கும். தசை விறைத்தல், நடக்கையில் ஒரு கை வீசாதிருத்தல், முகபாவம் குன்றுதல், குரல் தாழ்தல் ஆகியவையும் சேரலாம். முகரும் ஆற்றல் குறைதலும் மலச்சிக்கலும் பல ஆண்டுகள் முன்பே தோன்றலாம். மற்ற நோயில் இரு கைகளும் நடுங்கும். கையை நீட்டும்போதும் எழுதும்போதும் உண்ணும்போதும் அது வெளிப்படும். தலையும் குரலும் நடுங்கலாம். பெற்றோர் உடன்பிறந்தாரிடமும் பலவேளை காணப்படும்.

ஆசிரியர்கள் எளிதில் உணரத்தக்க அடையாளம் கையெழுத்து. பார்க்கின்சன் நோயாளியின் எழுத்து வரிசெல்லச் செல்லச் சிறுத்து நெருங்கும். மற்றவரின் எழுத்து பெரிதாகவே இருந்து, ஞ, ண போன்ற எழுத்துகளின் வளைவில் அலையலையாக நெளியும். மருத்துவர்கள் சுருள்வட்டம் வரையச் சொல்வதும் இதற்காகவே.

எனினும் எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இராது. பார்க்கின்சன் நோயாளி கையை நீட்டிய சில விநாடிகளுக்குப்பின் நடுக்கம் மீளத் தோன்றலாம். மற்ற நோய் முற்றியபின் ஓய்விலும் நடுக்கம் வரலாம். இரண்டும் ஒருவரிடமே அமையலாம். தைராய்டுக் கோளாறும் ஆஸ்துமா மருந்து போன்ற சிலவும் நடுக்கம் தரும். ஐயம் நீடிப்பின் டோப்பமின் நரம்புமுனைகளைக் காட்டும் ஸ்கேன் உதவும். முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

பெயர் பற்றிய பரிந்துரை

‘எசென்ஷியல்’ என்பதைச் சிலர் ‘அத்தியாவசிய நடுக்கம்’ எனப் பெயர்க்கின்றனர். இது பிழை. மருத்துவத்தில் அச்சொல், வேறொரு நோயின் விளைவாக அன்றித் தானே தோன்றுவது என்னும் பொருளுடையது. ‘தன்னியல் நடுக்கநோய்’ என்பது பொருந்தும். ‘நடுக்குவாதம்’ என்பதை விடுத்துப் ‘பார்க்கின்சன் நோய்’ என்றே வழங்கலாம். ஷார்கோ கூறிய காரணங்கள் தமிழுக்கும் பொருந்தும். அறிகுறிகளை ‘ஓய்வு நடுக்கம்’, ‘செயல் நடுக்கம்’ என வேறுபடுத்தலாம்.

மாணவர்கள் தம் தாத்தா பாட்டியரோடு கிளினிக்கிற்குச் செல்லும்போது, நடுக்கம் வருவது ‘செமாச ரெஹாட்’, அதாவது ஓய்விலா, ‘செமாச பெர்கெராக்’, அதாவது அசைவிலா என்று மலாயில் எடுத்துரைக்கலாம். எப்பக்கம் தொடங்கியது, குடும்பத்தில் வேறு யார்க்கு உண்டு, நடையும் எழுத்தும் மாறினவா என்பவற்றையும் குறித்துக் கொடுக்கலாம். இந்நான்கு செய்திகளும் கிடைத்தால் மருத்துவரின் ஆய்வு உரிய திசையில் தொடங்கும்.