அவுட் ஆஃப் ஸ்டேஷன்

ஒருவர் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்ல மதுரையில் சட்டென்று வாயில் வருவது, "சார் அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்பதுதான். ஜவுளிக்கடை கணக்கப்பிள்ளையும் சொல்வார், வக்கீல் குமாஸ்தாவும் சொல்வார். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது, உள்ளே இருக்கிறவரே அப்படிச் சொல்லச் சொல்வதும் உண்டு!

இதையே லண்டனிலோ நியூயார்க்கிலோ சொன்னால் எதிரே இருப்பவர் விழிப்பார். அங்கே "அவுட் ஆஃப் டவுன்" என்பதுதான் வழக்கு. அதனால் வெளிநாடு போன நம் பிள்ளைகள் சிலர், இது ஏதோ நம்ம ஊர் உளறல் என்று கூச்சப்படுகிறார்கள். உளறல் இல்லை. இந்த 'ஸ்டேஷனை' இங்கே கொண்டுவந்து இறக்கியதே வெள்ளைக்காரன்தான்.

முதலில் ரயிலை மறந்துவிடுங்கள். மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். நம் 'ஸ்டேஷன்' அதற்கும் மூத்தது. 'நிற்பது' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. காவலுக்கு நிறுத்தப்பட்டவன் நிற்கும் இடம், அவ்வளவுதான். கும்பினிக்காரர்கள் இந்தியாவில் கால் ஊன்றியபோது, ஒரு ஜில்லாவின் ஆங்கில அதிகாரிகளோ பட்டாள அதிகாரிகளோ குடியிருந்த இடத்துக்கு 'ஸ்டேஷன்' என்று பெயர் வைத்தார்கள். யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இந்தப் பொருள் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அங்கே வாழ்ந்த வெள்ளைக்காரக் கூட்டத்துக்கும் சேர்த்து அதே பெயர்தானாம். அதாவது ஊர் வேறு, ஸ்டேஷன் வேறு. மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆயிரக்கணக்கில் ஜனம் இருந்தாலும் அது ஊர்தான். வைகைக்கு வடகரையில் தல்லாகுளம் பக்கம் துரைமார் பங்களா இருந்ததே, அதுதான் ஸ்டேஷன். இரண்டையும் இணைக்கும் ஏ.வி. மேம்பாலம் 1889-ல்தான் திறந்தது.

பாதிரிமார்களும் இதே சொல்லைப் புழங்கினார்கள். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனுக்கு மதுரை, திண்டுக்கல், திருமங்கலம், பசுமலை எல்லாம் ஸ்டேஷன்கள். மிஷனரி குடியிருக்கும் தலைமை இடம் ஸ்டேஷன். அதைச் சேர்ந்த சுற்றுக் கிராமங்கள் 'அவுட்-ஸ்டேஷன்'. சமவெளியில் காலராவுக்கும் வெயிலுக்கும் பயந்து 1845-ல் இந்த மிஷனரிகள்தான் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். பின்னால் அதிகாரிகளும் ஏறினார்கள். அதனால்தான் இன்றைக்கும் கோடைக்கானலை 'ஹில் ஸ்டேஷன்' என்கிறோம். அங்கே ரயில் கிடையாது. ரயில் நிற்பது கீழே கோடைரோட்டில்!

இனி 'அவுட்' எப்படி வந்தது என்று பார்ப்போம். அரசாங்க உத்தியோகஸ்தனுக்குச் சம்பளம் வேலைக்கு மட்டுமல்ல, இருப்புக்கும் சேர்த்துத்தான். கூப்பிட்டால் அங்கே இருக்க வேண்டும். லீவு வாங்குவது ஒன்று, இடத்தை விட்டு நகர்வது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி அனுமதி. இன்றும் தற்செயல் விடுப்பு விண்ணப்பத்தில், "தலைமையிடத்தை விட்டு வெளியே செல்ல அனுமதி வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கிறோமே, அந்த வரியின் வாரிசுதான் நம் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்'. துரை சர்க்கியூட் போனால் வாசலில் டவாலி சேவகன் சொன்னான். அவனிடமிருந்து குமாஸ்தாவுக்கு, குமாஸ்தாவிடமிருந்து வியாபாரிக்கு. எந்த ஸ்டேஷனிலும் நிறுத்தப்படாதவனும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாதவனும் இப்போது 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' போகிறான். அடிமைச் சீட்டு ஒன்று கௌரவச் சீட்டாக மாறிப்போனது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இன்டர்வியூவில் வெளிநாட்டுக்காரர் உட்கார்ந்திருந்தால் 'அவுட் ஆஃப் டவுன்' என்றே சொல்லுங்கள், புரியும். ஆனால் சக மாணவன் வாய் தவறி 'ஸ்டேஷன்' என்று சொன்னால் சிரிக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் பெரிய ஆட்டுப்பண்ணை, மாட்டுப்பண்ணைக்குப் பெயரே ஸ்டேஷன்தான். அதைத் தப்பு என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

பழைய மாணவர்களுக்கு இன்னொரு ஸ்டேஷனும் ஞாபகம் வரும். வெளியூர் பாங்க் செக்கைப் போட்டால், "அவுட்-ஸ்டேஷன் செக், கலெக்‌ஷனுக்குப் போகணும்" என்று சொல்லி, கமிஷனையும் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் காக்க வைத்தார்கள். கம்ப்யூட்டரால் கிளைகள் எல்லாம் ஒன்றாக இணைந்தபின் அந்தக் காத்திருப்பு போயே போய்விட்டது.