கூரைக்கு மேல் ஒரு குழாய்

பழைய கிராமத்து வீடுகளில், கொல்லைச் சுவரை ஒட்டிக் கூரைக்கு மேல் தலை நீட்டி நிற்கும் குழாயைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. விஷயம் சற்று நாற்றம் பிடித்ததுதான். ஆனாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கேட்கத் தகுந்தது.

பிரெஞ்சு தேசத்தில் வெஸூல் என்று ஓர் ஊர். 1860-ஆம் ஆண்டை ஒட்டி, அங்கே லூயி மூரா என்பவர் வீட்டுக் கழிவு விழுவதற்கு நிலத்தடியில் ஒரு தொட்டி கட்டினார். காற்றுப் புகாதபடி மூடி, உள்ளே வரும் குழாயையும் வெளியே போகும் குழாயையும் நீருக்குள் முங்க வைத்தார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்தால், எதிர்பார்த்த மலக்குவியலைக் காணோம். பெரும்பாலும் கலங்கல் நீர்தான் இருந்தது! காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் தின்று கரைத்துவிட்டன. 1881-ல் அவர் காப்புரிமை பெற்றார்.

கரைந்தது மாயமாய் மறைந்துவிடுமா? ஒரு பங்கு வாயுவாகிறது: மீதேன், கரியமில வாயு, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு. 1895-ல் இங்கிலாந்தின் எக்ஸீட்டர் நகரில் டொனால்ட் காமரான் இத்தகைய தொட்டிக்குச் ‘செப்டிக் டாங்க்’ என்று பெயரிட்டார். அதில் கிளம்பிய வாயுவைக் கொண்டு விளக்கே எரித்தார்கள்.

வீட்டுக்காரருக்கு விளக்கு வேண்டாம். வாயு வெளியேறினால் போதும். கழிப்பறைக்கும் தொட்டிக்கும் நடுவே காவல் நிற்பது வளைந்த குழாயில் தேங்கிய சிறிதளவு நீர். அந்த உபாயம் 1775-ல் அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் காப்புரிமை பெற்றது. தொட்டியில் அழுத்தம் ஏறினால் அந்நீர் கொப்பளிக்கும். தண்ணீர் விசையாக இறங்கினால் அதுவும் உறிஞ்சப்பட்டுப் போகும். இரண்டுக்கும் மருந்து, கூரைக்கு மேல் திறந்த குழாய்தான்.

அக்காலத்தில் சாக்கடை வாயுவே டைபாய்டு தரும் என்று பலர் நம்பினர். 1871-ல் வேல்ஸ் இளவரசர் ஸ்கார்பரோ நகரில் விருந்தாளியாகத் தங்கித் திரும்பியபின் அக்காய்ச்சலில் படுத்தபோது, விருந்து மாளிகையின் சாக்கடைமீது பழி விழுந்தது. நோயைப் பரப்புவது அசுத்தமான நீரும் உணவுமே என்று பிறகு தெளிவாயிற்று. நம்பிக்கை பொய்த்தது, குழாய் பிழைத்தது.

குழாய் இருக்கிறதே என்று தொட்டிக்குள் ஆளை இறக்கலாமா? கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தால் மூக்கு மரத்துவிடும். நாற்றமில்லை என்று இறங்கியவன் மயங்கி விழுவான், தூக்கப் போனவனும் விழுவான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. அதன் பிறகும் சாவுகள் நின்றபாடில்லை.

குழாய் வாயில் குருவி கூடு கட்டாதிருக்க வலை போடுகிறோம். அந்த அக்கறையில் கால்பங்காவது, மூடியைத் திறந்து ஒரு மனிதனைக் கூப்பிடும்போது நமக்கு வேண்டாமா?